டாக்ரோலிமஸ் சாப்பிட்டால் புரத மடிப்பு கெட்டுவிடுமா?

கேள்வி: நான்கு வருடத்துக்கு முன் எனக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. உடல் அந்தச் சிறுநீரகத்தை நிராகரிக்காமலிருக்க தினமும் இருவேளை டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறேன். அது, புரதங்களைச் சரியாக மடிக்க உதவும் 'ஐசோமரேஸ்' நொதியைத் தடுக்கிற மருந்து என்று சமீபத்தில் படித்தேன். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் ஐசோமரேஸ் குறைந்திருக்கிறது என்று இன்னொரு கட்டுரை சொல்கிறது. அப்படியானால் இந்த மாத்திரையால் எனக்கு மறதி நோய் வருமா? அளவைக் குறைத்துக்கொள்ளலாமா? நொதியைக் கூட்ட ஏதாவது சத்து மாத்திரை உண்டா?

பதில்: முதலில் கடைசிக்கு முந்தைய கேள்வி. நீங்களாக அளவைக் குறைக்கவே கூடாது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இருக்காது. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறிய பிறகுதான் விஷயமே தெரியவரும்.

சரி, இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். நீங்கள் படித்த இரண்டு செய்திகளும் தனித்தனியே உண்மைதான். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதில்தான் கோளாறு. ஐசோமரேஸ் என்பது ஒரு நொதியின் பெயர் இல்லை, ஒரு வேலையின் பெயர். 'ஓட்டுநர்' என்கிறோமே, அதுபோல. ரயில் ஓட்டுபவரும் ஓட்டுநர்தான், லாரி ஓட்டுபவரும் ஓட்டுநர்தான்.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீளமான சங்கிலி. மடிந்து உருவம் பெற்ற பிறகுதான் அது வேலை செய்யும். மடியும்போது இரண்டு இடங்களில் தாமதமாகும். ஒன்று, புரோலின் என்ற அமினோ அமிலம் வருகிற இடம். அங்கே சங்கிலி இரண்டு விதமாகத் திரும்பி நிற்கலாம். ஒன்றிலிருந்து மற்றதற்குத் தானாகத் திரும்ப நொடிகள், சில சமயம் நிமிடங்கள்கூட ஆகும். செல்லுக்கு அது நீண்ட நேரம். இந்தத் திருப்பத்தை விரைவுபடுத்துகிறவை சைக்ளோஃபிலின், எஃப்கேபிபி, பார்வுலின் என்று மூன்று குடும்பங்கள். இன்னொன்று, கந்தகப் பிணைப்புகள். சட்டைப் பொத்தானைத் தவறான துளையில் போட்டுவிட்டால் கழற்றி மாற்றிப் போடுகிறோம் இல்லையா, அந்த வேலையை டைசல்ஃபைட் ஐசோமரேஸ் செய்கிறது. ரிபோநியூக்ளியேஸ் என்ற சிறிய புரதத்தில் கந்தகம் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் 8 இடங்களில் உண்டு. அவற்றை 105 விதமாக ஜோடி சேர்க்கலாம், சரியானது ஒன்றே ஒன்று.

உங்கள் மருந்து முக்கியமாகப் பிடிப்பது எஃப்கேபிபி 12 என்ற நொதியை. (வேடிக்கை என்னவென்றால், நொதிக்குப் பெயர் வந்ததே மருந்தால்தான். எஃப்கே 506 என்பது டாக்ரோலிமஸின் ஆய்வகப் பெயர். அதோடு ஒட்டும் புரதம் என்பதால் அந்தப் பெயர்.) பிடிக்கும்போது நொதியின் மடிப்பு வேலை தடைபடுவது உண்மை. ஆனால் மருந்தின் பலன் அதனால் வருவதில்லை. மருந்தும் நொதியும் ஒட்டிய ஜோடி போய் கால்சிநியூரின் என்ற வேறொரு புரதத்தை அடைத்துக்கொள்கிறது. அதனால் மாற்று உறுப்பைத் தாக்கும் எதிர்ப்பு அணுக்களான டி-அணுக்கள் விழித்தெழுவதில்லை. அதாவது நொதி இங்கே வெறும் கைப்பிடி.

இது ஊகம் இல்லை. 1990-இல் வேதியியலாளர் ஸ்டூவர்ட் ஷ்ரைபரின் குழு, நொதியைப் பிடிக்கும் பாகம் மட்டும் இருக்கிற ஒரு மூலக்கூறைச் செய்து பார்த்தது. அது நொதியின் வேலையை நன்றாகவே தடுத்தது. டி-அணுக்களை மட்டும் அடக்கவில்லை. எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான சிரோலிமஸையும் பாருங்கள். அதுவும் இதே எஃப்கேபிபி 12-ஐத்தான் பிடிக்கிறது, ஆனால் அந்த ஜோடி போய் அடைப்பது எம்டார் என்ற வேறு இலக்கை. 1997-இல் ஈஸ்ட் செல்லிலிருந்து சைக்ளோஃபிலின், எஃப்கேபிபி குடும்பங்களின் 12 மரபணுக்களையும் நீக்கிப் பார்த்தார்கள். ஈஸ்ட் பிழைத்துக்கொண்டது!

இன்னொன்றும் உண்டு. உங்கள் ரத்தத்தில் மருந்து இருப்பது மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம். சிவப்பணுக்களிலோ எஃப்கேபிபி 12 ஏராளம். மருந்தில் பெரும்பகுதி அங்கே போய் ஒட்டிக்கொள்வதால்தான், பரிசோதனைக்கு ரத்தத்தைச் சீரமாகப் பிரிக்காமல் முழு ரத்தமாகவே எடுக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க வேதிப்பொருள் தடவிய குழாயில் அதைப் பிடித்துக் குலுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழாயிலும் நொதியில் பெரும்பங்கு டாக்ரோலிமஸைத் தொடாமலேதான் இருக்கும்.

அல்சைமர் கட்டுரை பேசுவது பார்வுலின் குடும்பத்தைச் சேர்ந்த 'பின் 1' (Pin1) என்ற நொதியை. டாக்ரோலிமஸ் அதைத் தடுப்பதில்லை. பாஸ்பேட் ஒட்டிய இடத்துக்கு அடுத்து புரோலின் வந்தால் மட்டுமே பின் 1 வேலை செய்யும். அல்சைமர் நோயில் மூளைச் செல்களில் முடிச்சாகச் சேரும் டௌ புரதத்தில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய. பின் 1 இல்லாத எலிகளுக்கு வயதாகும்போது நரம்புச் சிதைவு வருகிறது. சரி, அதைக் கூட்டினால் நல்லதுதானே என்று தோன்றும். இதே பின் 1 பல புற்றுநோய்க் கட்டிகளில் அளவுக்கு மேல் இருக்கிறது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிற உங்களுக்குப் புற்றுநோய் அபாயம் ஏற்கெனவே சற்று அதிகம். அதனால் அந்த வழியில் போகவே வேண்டாம்.

டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கால்சிநியூரினைத் தடுக்கும் மருந்து சாப்பிட்ட உறுப்பு மாற்றுக்காரர்களிடம் மறதி நோய் பொதுமக்களைவிடக் குறைவாகவே இருந்தது. இதை வைத்து மருந்து மூளையைக் காக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். மாற்று சிகிச்சைக்குத் தேர்வாகிறவர்களே கொஞ்சம் வடிகட்டப்பட்டவர்கள். ஆனால் நீங்கள் பயப்படுகிற திசையில் எண்கள் போகவில்லை.

மடிப்பு நொதி உண்மையிலேயே கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு எலும்புதான் உதாரணம். எலும்புக்கு வலு தரும் கொலாஜன் என்ற புரதத்தின் சங்கிலியில் புரோலின் கொட்டிக் கிடக்கிறது. ஒவ்வொன்றும் ஒரே பக்கம் திரும்பினால்தான் மூன்று இழைகளும் முறுக்கிக்கொள்ளும். சைக்ளோஃபிலின் பி-க்கான மரபணு பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால், பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய் வருகிறது. எஃப்கேபிபி 10 மரபணு பழுதானாலும் அப்படித்தான். இவை பிறப்பிலோ சிறுவயதிலோ தெரிந்துவிடும் பரம்பரை நோய்கள். மாத்திரையால் நடுவயதில் வருகிறவை அல்ல.

சத்து மாத்திரை விஷயத்துக்கு வருவோம். நொதி என்பதும் ஒரு புரதம்தான். வாய்வழியாகப் போனால் வயிறும் குடலும் அதைத் துண்டாக்கிவிடும். மூளைச் செல்லுக்குள் போய் மடிக்காது. மூலிகை மாத்திரைகளில் ஆபத்து வேறு விதம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை டாக்ரோலிமஸின் அளவை இறக்கிவிடும். கிரேப்ஃப்ரூட் சாறு ஏற்றிவிடும்.

கை நடுக்கம், தலைவலி, சர்க்கரை ஏறுவது, தூக்கம் கெடுவது இருந்தால் உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் சொல்லுங்கள். அவை இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுகள், அளவைச் சரிசெய்ய வழி உண்டு. மருந்தின் அளவைப் பார்க்க ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில் காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போகாதீர்கள். கையில் எடுத்துப் போய், ரத்தம் கொடுத்தவுடன் போட்டுக்கொள்ளுங்கள். முந்தைய இரவு எத்தனை மணிக்கு மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதையும் ஆய்வகத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த நேரம் இல்லாமல் வருகிற எண்ணை வைத்து மருத்துவர் ஒன்றும் முடிவு செய்ய முடியாது.