வீணை பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன் (கார்ல மட்டும் வச்சுட்டுப் போகாதீங்க)

22 வருஷமா வீட்ல வீணை சொல்லிக் குடுக்கறேன். நானே 41 வயசுல தான் ஆரம்பிச்சேன். மூணு மணிக்கு பசங்க வந்துருவாங்க, அது வரைக்கும் இருப்பேன்.

கே: வயசு 35 டீச்சர், இனிமே விரல் வளையுமா?

வளையும். முதல் ரெண்டு மாசம் எரியும், அப்புறம் கம்பி படற இடத்துல காய்ப்பு காய்ச்சிடும். தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு தொட்டுக்கோங்க, கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்த அசைக்கறதுக்கு, கம்பிய இழுக்கும்போது தோல் உரியாது. தினம் இருபது நிமிஷம் போதும், அஞ்சு நாள் சும்மா இருந்துட்டு ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் உக்காராதீங்க.

கே: கிட்டார் வாசிப்பேன், ஈஸியா வருமா?

கை வரும். சம்மணம் போட்டு ஒரு மணி நேரம் உக்கார கால் வராது.

கே: ஏகாண்ட வீணையா, ஒட்டு வீணையா?

ஆரம்பத்துக்கு ஒட்டே தாராளம், தனித்தனியா செஞ்சு ஒட்டினது. ஏகாண்டம்னா குடம், அதுல இருந்து நீளற தண்டி எல்லாம் ஒரே பலாமரத்துல குடைஞ்சது, விலை ஜாஸ்தி. எதுவானாலும் வெயில்ல நிக்கிற கார்ல வைக்காதீங்க, 24 மெட்டும் (கம்பிக்கு அடில இருக்கற உலோகப் பட்டை) தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த படுக்கை மேல தான் உக்காந்திருக்கு, சூடு பட்டு இளகினா சுருதி போச்சு.

கே: 48 வயசு. லேட்டா?

மேல பாருங்க.

கே: சொந்தமா டியூன் போட எத்தனை வருஷம் ஆகும்?

முதல் பாடம் சொல்லிக் குடுக்கற ராகம் மாயாமாளவகௌளை, அதுல ஆறு மாசம் இருங்க. ஒரு ஸ்வரத்த எவ்வளவு அசைக்கணும்னு கையே யோசிக்க ஆரம்பிக்கும், அப்ப வந்து கேளுங்க.

கே: என் மனைவி போய் மூணு வருஷம் ஆச்சும்மா. அவ வீணை பரண்ல கிடக்கு, கம்பியெல்லாம் துரு. பையன் வித்துடலாம்ங்கறான். எனக்கு 63. ஸரிகம கூட தெரியாது.

சார், முதல்ல பரண்ல இருந்து இறக்குங்க, மொட்டை மாடிக்கு அடில அந்த சூடு கார் சூடு மாதிரி தான். நீங்களா எண்ணெய் தடவி துடைக்காதீங்க. குடத்துல வெடிப்பு இருக்கான்னு மட்டும் பாருங்க, இல்லன்னா பயப்பட ஒண்ணுமில்ல. தஞ்சாவூர்ல வீணை செய்யறவங்க கிட்ட குடுத்தா பழைய மெழுக எடுத்துட்டு புதுசா மேளம் கட்டித் தருவாங்க, அதாவது மெட்டெல்லாம் திரும்ப வச்சுத் தருவாங்க, ஒவ்வொரு மெட்டையும் காதால கேட்டு கேட்டு தான் நிறுத்துவாங்க. அப்ப நீங்க கிட்ட இருங்க. மெட்டு மேல கம்பி தேய்ஞ்ச பள்ளம் தெரியும், எந்த மெட்டுல ஆழமா இருக்கோ அங்க தான் உங்க மனைவி விரல் அதிகமா இருந்திருக்கு. எத்தனை வருஷம் உக்காந்து வாசிச்சிருப்பாங்கன்னு அத பாத்தாலே தெரிஞ்சுரும். விக்கறதா வேண்டாமான்னு அன்னிக்கு முடிவு பண்ணுங்க, இப்ப வேண்டாம்.

கே: குறுக்க பேசறதுக்கு சாரி. 63ல கத்துக்கிட்டு கச்சேரியா பண்ணப் போறார்? நல்லா வாசிக்கற பொண்ணு யாருக்காவது குடுத்தா வீணை மேலயே ஒட்டற காண்டாக்ட் மைக் மாட்டி மேடைல வாசிப்பா, வீணையும் வாழும்.

மேடை ஏறினா தான் வீணை வாழுமாக்கும்! அந்தக் காலத்துல வீணை தனம்மாள் சென்னை ஜார்ஜ் டவுன் வீட்ல வெள்ளிக்கிழமை சாயந்திரம் வாசிப்பாங்க, மைக் கிடையாது, பெரிய பெரிய வித்வான்கள் மூச்ச அடக்கிட்டு கேப்பாங்க. பின்னாடி கண்ணு போச்சு, அப்பவும் வாசிச்சாங்க. அந்த வீட்ல கேட்டு வளந்த பேத்திங்க தான் நாட்டியத்துல பாலசரஸ்வதி, பாட்டுல பிருந்தா, முக்தா எல்லாம்.

கே: அவங்க மேதை டீச்சர். அவங்களையும் இவரையும் ஒண்ணா வைக்கறதா? கடைசில பணக்கஷ்டத்துல தான இருந்தாங்க?

ஆமா, இருந்தாங்க, அத அழகா பூசி மெழுக மாட்டேன். மேதைங்கறதும் ஒத்துக்கறேன். நான் சொன்னது ரூம் சைஸ் பத்தி. வீணை ஒரு கூடத்து வாத்தியம், அஞ்சு பேர் கேட்டா நிறைஞ்சுரும், ஒருத்தர் கேட்டாலும் நிறைஞ்சுரும். மைக் போடறவங்க போடட்டும், நானும் கல்யாண வீட்ல போட்டிருக்கேன், போட்டதுக்கப்புறம் கம்பி சத்தம் தான் கேக்குது மரத்தோட சத்தம் காணோம்.

கே: காண்டாக்ட் மைக் எந்த பிராண்ட் நல்லது?

ஐயோ.

கே: 52 வயசு டீச்சர்...

ஆமா, முடியும். மேல. மேல!

கே: (63) இறக்கிட்டேன்மா. வெடிப்பு இல்ல. சாரணி, பஞ்சமம்னு அவ சொல்ற கம்பி ரெண்டும் அறுந்து கிடக்கு, மந்தரக் கம்பி மட்டும் நிக்குது. தட்டினேன், சத்தம் வந்துச்சு. அத மாத்தாம விடலாமா?

முறுக்கினா அறுந்துரும் சார், மாத்திடுங்க. பழச சுருட்டி டப்பால போட்டு வைங்க. எந்த நாள் தஞ்சாவூர் போறீங்கன்னு சொல்லுங்க, எனக்கும் அங்க ஒரு வீணை வாங்க வேண்டியிருக்கு. பசங்க வந்தாச்சு, கிளம்பறேன்.