சீட்டுக்கட்டில் 72 மேளம்: வாசகர் இசைக் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எட்டு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு வாய்ப்பாட்டு கற்பிக்கிறேன். கீதமும் ஸ்வரஜதியும் சுருதி விலகாமல் பாடுகிறார்கள். ஆனால் ஸ்வரஸ்தானம், மேளகர்த்தா என்று இலக்கணப் பக்கம் போனால் முகம் வாடிவிடுகிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்து, மறுவாரமே மறந்துவிடுகிறார்கள். இவற்றைச் சீட்டு விளையாட்டாகக் கற்பிக்கலாம் என்று ஒரு தோழி சொல்கிறார். எப்படித் தொடங்குவது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: தங்கள் தோழி சொல்வது சரியே. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி 'சதுர்தண்டிப் பிரகாசிகை' என்ற நூலில் விளக்கிய 72 மேளங்களின் (ஏழு ஸ்வரங்களும் கொண்ட தாய் ராகங்களின்) ஏற்பாடே, ஸ்வரங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கும் ஒரு கணக்குதான். பெயர்ப் பட்டியலாக ஒப்பிக்கும்போது அந்தக் கணக்கு மறைந்துவிடுகிறது. கையில் எடுத்து அடுக்கும்போது அது தானாகவே தெரிய வரும்.

சீட்டுகளுக்குக் கடைக்குப் போக வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, வெற்றுப் பக்கத்தில் எழுதினால் போதும். ஸ்வரப் பெயர்கள் 16. அவை அமரும் இடங்களோ 12. எனவே தரையில் சாக்கட்டியால் 12 கட்டங்களை ஒரே வரிசையில் வரைந்துகொள்ளுங்கள். முதல் கட்டத்தில் ஷட்ஜத்தையும் எட்டாவது கட்டத்தில் பஞ்சமத்தையும் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். மற்ற சீட்டுகளை அவற்றின் இடத்தில் வைக்கும் பொறுப்பைக் குழந்தைகளிடம் விட்டு, ஆர்மோனியத்தில் கட்டைகளை எண்ணிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சதுச்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் மூன்றாவது கட்டத்துக்குப் போட்டியிடும். ஷட்ச்ருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் நான்காவது கட்டத்தில் மோதிக்கொள்ளும். இந்த மோதலைக் குழந்தைகள் கண்ணால் பார்ப்பதுதான் முதல் பாடம்.

அடுத்து, மூன்று ரிஷபச் சீட்டுகளையும் மூன்று காந்தாரச் சீட்டுகளையும் அவர்களிடம் கொடுத்து, ஒரு ரிஷபமும் ஒரு காந்தாரமுமாக எத்தனை ஜோடிகள் அமையும் என்று கேளுங்கள். காந்தாரம் ரிஷபத்துக்கு மேலே உள்ள கட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. காகிதக் கணக்கில் ஒன்பது ஜோடிகள் வரும். அவற்றுள் சதுச்ருதி ரிஷபம் – சுத்த காந்தாரம், ஷட்ச்ருதி ரிஷபம் – சாதாரண காந்தாரம் ஆகிய இரண்டும் ஒரே கட்டத்தில் விழும். ஷட்ச்ருதி ரிஷபம் – சுத்த காந்தாரம் என்ற ஜோடியில் காந்தாரம் ரிஷபத்துக்குக் கீழே இறங்கிவிடும். இம்மூன்றும் தள்ளுபடியாக, ஆறு நிற்கும். இந்த ஆறை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். கால் மணி நேரமானாலும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். தைவத நிஷாதங்களுக்கும் இதே ஆறுதான் என்பதை அதன்பின் அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள்.

இனி உண்மையான ஆட்டத்துக்கு 14 சீட்டுகள் போதும்: ரி–க ஜோடிகள் ஆறு, மத்யமம் இரண்டு, த–நி ஜோடிகள் ஆறு. மூன்று கட்டுகளாகக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு சீட்டை எடுத்தால் ஒரு மேளம் பிறந்துவிடும். அதன் எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. ஜோடிகளை, முதல் ஸ்வரம் தாழ்ந்தது முன்னும், அது ஒன்றேயானால் இரண்டாவது ஸ்வரம் தாழ்ந்தது முன்னுமாக வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். ரி–க ஜோடியின் வரிசை எண்ணில் ஒன்றைக் கழித்து, ஆறால் பெருக்கி, த–நி ஜோடியின் வரிசை எண்ணைக் கூட்ட வேண்டும்; ப்ரதி மத்யமம் வந்திருந்தால் 36ஐச் சேர்க்க வேண்டும். இரண்டு பக்கமும் மூன்றாவது ஜோடி, சுத்த மத்யமம் என்றால் 15. அவர்கள் சரளி வரிசை பாடிய மாயாமாளவகௌளை. இரண்டு பக்கமும் ஐந்தாவது ஜோடி என்றால் 29, தீரசங்கராபரணம். அங்கே மத்யமச் சீட்டை மட்டும் மாற்றினால் 65, மேசகல்யாணி. ஒரே ஒரு சீட்டில் சங்கராபரணம் கல்யாணியாவதைப் பார்க்கும் குழந்தைக்கு, பூர்வ மேளம், உத்தர மேளம் என்ற பிரிவைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

ஒரு விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். எண்ணைச் சொன்னால் அரை வெற்றிதான். தம்பூராவோடு ஆரோகண அவரோகணத்தைச் சுத்தமாகப் பாடிய பிறகே சீட்டுகள் அந்தக் குழந்தைக்குச் சொந்தமாக வேண்டும். பாடாத ஆட்டம் வெறும் பெருக்கல் வாய்ப்பாடாகிவிடும். தொடக்கத்தில் இரு கட்டுகளிலும் முதலாவது, ஆறாவது ஜோடிகளை எடுத்து வைத்துவிடலாம். விவாதி ஸ்வரங்கள் (ஒன்றோடொன்று இசைவில்லாதவை) வரும் 40 மேளங்களும் அதனால் விலகி, பிஞ்சுக் குரலுக்கு எட்டக்கூடிய 32 மட்டும் மிஞ்சும்.

கேள்வி: மேளத்தின் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளிலிருந்து எண்ணைக் கண்டுபிடிக்கும் கடபயாதி முறை என் மகளுக்குப் புரியவில்லை. கனகாங்கி, கானமூர்த்தி, கரஹரப்ரியா மூன்றும் ககரத்தில் தொடங்க, ஒன்றுக்கு 1, ஒன்றுக்கு 3, மற்றொன்றுக்கு 2 என்கிறார் ஆசிரியர். சீட்டுகளால் இதைத் தெளிவாக்க முடியுமா?
— வாசகர், மதுரை

பதில்: தங்கள் மகள் குழம்புவதில் வியப்பில்லை, அவர் சரியான இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார். அந்த முறை க வர்க்கத்தின் நான்கு ஒலிகளுக்கும் தனித்தனி எண் தருகிறது. தமிழிலோ அந்நான்குக்கும் ஒரே எழுத்து. ஆகவே பெயர்ச் சீட்டின் மூலையில், முதல் இரண்டு எழுத்துகளின் ஒலிகளுக்கு அந்த முறை தரும் எண்களைச் சிறிதாக எழுதிவிடுங்கள். கனகாங்கிக்கு 1, 0; கானமூர்த்திக்கு 3, 0; கரஹரப்ரியாவுக்கு 2, 2. இலக்கங்களைத் திருப்பிப் போட்டால் 01, 03, 22 என்று மேள எண்கள் வந்துவிடும். பெயர்ச் சீட்டுகளையும் எண் சீட்டுகளையும் கலந்து கவிழ்த்து, இரண்டிரண்டாகத் திருப்பி ஜோடி சேர்க்கும் ஆட்டம் இதற்குப் பொருந்தும். பத்துப் பெயர்களுக்கு மேல் ஒரே நாளில் வைக்க வேண்டாம். ஒலி வேறுபாடு காதில் பதிந்த பின் மூலை எண்களை அழித்துவிடலாம்.

கேள்வி: வீட்டில் சீட்டைக் கையில் எடுப்பதையே என் மாமனார் விரும்புவதில்லை. சங்கீதத்தைச் சீட்டாட்டமாக்குவது அபசாரம் என்கிறார். அதோடு, சீட்டில் கற்ற குழந்தைக்கு ராகம் பாட வருமா என்றும் கேட்கிறார்.
— வாசகி, சேலம்

பதில்: முதல் ஆட்சேபத்துக்கு அவரிடம் ஒரு செய்தியைச் சொல்லிப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஆன் யங் என்ற இசையாசிரியை, பலகையும் பகடையும் கொண்டு மேற்கத்திய இசையிலக்கணத்தைக் கற்பிக்கும் விளையாட்டுப் பெட்டிக்கு 1801இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். இதில் பந்தயமும் இல்லை, பணமும் இல்லை. சீட்டு என்ற சொல்தான் உங்கள் மாமனாருக்கு உறுத்துகிறது என்றால், ஸ்வர அட்டை என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

இரண்டாவது கேள்வியில் உங்கள் மாமனாரின் பக்கம் நியாயம் உண்டு. சீட்டு ஸ்வரத்தின் இடத்தைக் காட்டும். அது அசையும் விதத்தைக் காட்டாது. தோடியின் காந்தாரம் ஒரு கட்டத்துக்குள் அடங்கி நிற்பதில்லை. அசைவில்தான் அது தோடியாகிறது. பைரவியை 20ஆவது மேளமான நடபைரவியின் ஜன்யம் (அதிலிருந்து பிறந்த ராகம்) என்று அடுக்கினால், சதுச்ருதி தைவதம் எங்கிருந்தோ வந்து நிற்கும். அது தாய் மேளத்தின் சீட்டில் இல்லாத ஸ்வரம். இவற்றைக் குருமுகமாகக் கேட்டுத்தான் பெற வேண்டும். ஆகவே எந்த ராகத்தைக் குழந்தை ஏற்கெனவே பாடுகிறதோ, அதையே சீட்டில் பிரித்துப் பார்ப்பது நல்லது; சீட்டில் பார்த்துவிட்டு ராகம் பாட முயல்வது தலைகீழ் வேலை.

ஆனால் சீட்டு மட்டுமே எளிதாகக் காட்டக்கூடிய ஒன்றும் உண்டு. 12 கட்டங்களில் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களுக்கும் பொட்டு வையுங்கள். அந்தப் பொட்டுகளை அசைக்காமல், ரிஷபத்தை ஷட்ஜமாகக் கொண்டு எண்ணினால் மத்யமாவதி; காந்தாரத்திலிருந்து எண்ணினால் ஹிந்தோளம்; பஞ்சமத்திலிருந்து சுத்த சாவேரி; தைவதத்திலிருந்து சுத்த தன்யாசி. இப்படி ஷட்ஜத்தை இடம் மாற்றி மேடையில் வித்வான்கள் செய்யும் கிரஹபேதத்தைக் கேட்டு ரசிப்பவர் உங்கள் மாமனார் என்றால், இந்த ஆட்டத்துக்கு அவரையே நடுவராக உட்கார வையுங்கள்.

கேள்வி: மிருதங்கம் பயிலும் என் மகனுக்குத் தாளங்களுக்கும் இப்படி ஆட்டம் உண்டா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்டு, தாளத்துக்கு இது இன்னும் நன்றாகவே பொருந்துகிறது. தாளத்தின் அங்கங்களில் லகு என்பது ஜாதிக்கேற்ப அட்சர எண்ணிக்கை மாறுவது; அதற்கான சீட்டுகளை 3, 4, 5, 7, 9 என்ற ஐந்து ஜாதிகளிலும் மும்மூன்றாக எழுதுங்கள். த்ருதம் இரண்டு அட்சரம், அனுத்ருதம் ஓர் அட்சரம் என்று அவற்றுக்கும் சில சீட்டுகள் செய்யுங்கள். ஒருவர் ஓர் எண்ணைச் சொல்ல, மற்றவர் ஏழு தாளங்களின் அங்க வரிசையை மீறாமல் அந்த எண் வரும்படி அடுக்க வேண்டும். ஒரு தாளத்துக்குள் லகு எல்லாம் ஒரே ஜாதியாக இருக்க வேண்டும். எட்டு என்றால் 4, 2, 2 என்று ஆதி தாளத்தை உடனே வைத்துவிடுவான். பத்து என்றால் சதுச்ர மட்டியமும் வரும், மிச்ர ஜம்பையும் வரும். பதினான்குக்கு 5, 5, 2, 2 என்று கண்ட அடதாளத்தை ஒருவன் வைக்க, 4, 2, 4, 4 என்று சதுச்ர துருவத்தை இன்னொருவன் வைத்தால், இருவரும் ஒரே காலப்பிரமாணத்தில் எதிரெதிரே அமர்ந்து தங்கள் தாளத்தைப் போட வேண்டும்; அடுத்தவர் கையைப் பார்த்துத் தடுமாறுபவர் சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.