நாட்குறிப்பு எழுத நமக்கான கேள்விகளை நாமே உருவாக்குவது எப்படி?

'இன்று எப்படிப் போனது?' என்று கேட்டுக்கொண்டால் 'நன்றாகப் போனது' என்பதோடு பேனா நின்றுவிடும். கேள்வியில் ஓர் இடமோ ஆளோ பொருளோ இருக்க வேண்டும்.

எனக்கு அந்த இடம் என் ஊர், கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை. இன்றைய கேரளத்துக்கு முன்பிருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர், 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தது. என் கேள்விகள் இந்த மண்ணிலிருந்தே வருகின்றன. வீட்டில் யார் பேச்சில் இன்னும் மலையாளம் கலந்திருக்கிறது? புளியரை தாண்டி, கேரளப் பக்கம் மலையில் இருக்கும் ஆரியங்காவுக்கு ஏறும்போது எந்த வளைவில் காற்று குளிர்கிறது? மலைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போன அப்பா எதைச் சொல்லாமலே விட்டார்? இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றையே பல நாள் எழுதலாம், அவ்வளவு இருக்கிறது அதில்.

'ஏன்' என்பதைவிட 'எப்போது', 'யார்' என்று தொடங்குங்கள்; நினைவு சட்டென்று வரும். அப்புறம், எழுதியதில் முழுதாகச் சொல்லாத வரி ஒன்றை அடிக்கோடிட்டு, அதையே மறுநாளுக்குக் கேள்வியாக மாற்றி வையுங்கள்.