சர்ஜரியும் வேணும், இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டையும் நிக்கவேணும்

கேள்வி: எனக்கு வயசு 29. இன்டர்ன்ஷிப் முடிச்சு இப்ப சர்ஜிக்கல் வார்டில எஸ்.எச்.ஓ.வா (பெரிய டொக்டருக்குக் கீழ வேலை செய்யிற டொக்டரா) நிக்கிறன். மகளுக்கு ஒண்டரை வயசு, வீட்டுக்காரர் பள்ளிக்கூட ரீச்சர். எனக்கு ஒப்பரேஷன் தியேட்டர்தான் உயிர், அதை விட்டிட்டு வேற ஒண்டையும் நினைக்க ஏலாமல் கிடக்கு. மாமி "தோல் டொக்டராப் படி, இரவில ஒருத்தரும் கூப்பிடாயினம்" எண்டு சொல்லுறா. கூடப்படிச்சவள் "கண்ணுக்குப் போ" எண்டுறாள். எந்த சர்ஜரி எடுத்தால் பிள்ளையோட இருந்து இரவுச் சாப்பாடு சாப்பிடலாம்?
பெயர் வேண்டாம், கோண்டாவில்

பதில்: தங்கச்சி, உம்மட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். நான் ஜெனரல் சர்ஜன், இப்ப பென்ஷனில இருக்கிறன். என்ர மகனுக்கு நாலு வயசா இருக்கேக்க நான் ஒரு ஆஸ்பத்திரியில தனிச் சர்ஜன், அம்புலன்ஸ் வந்து கேற்றடியில ஹோர்ன் அடிச்சால் அவன் ஓடிப்போய் என்ர செருப்பை எடுத்துக்கொண்டு வந்து வாசல்படியில வைப்பான். அழுறதில்லை, கேக்கிறதில்லை, செருப்பை வைப்பான், அவ்வளவுதான். ஒருநாள் மீன்காரன் ஹோர்ன் அடிச்சதுக்கும் கொண்டுவந்து வச்சிட்டு என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டான். அதை நினைச்சால் இப்பவும் எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யும், அதால உம்மட கேள்வியை நான் சின்னக் கேள்வியா எடுக்கேல்ல.

பேந்து எனக்கு மாற்றம் கிடைச்சு நாலு சர்ஜன்மார் இருக்கிற இடத்துக்குப் போனன். அதே குடல்வால், அதே குத்துவெட்டு, அதே ஹேர்னியா. ஆனா கசுவல்ட்டி, அதாவது அவசர கேஸ் பாக்கிற முறை, நாலு நாளைக்கு ஒருக்காத்தான், மற்ற நாளில ஃபோன் அடிச்சால் அது என்ர வார்டில நான் ஒப்பரேஷன் செய்த ஆளைப்பற்றித்தான் இருக்கும். வேலையில ஒரு மாற்றமும் இல்லை, என்ர வீடுதான் மாறிப்போச்சு. அதால ஆரும் என்னட்ட "எந்த சர்ஜரி லேசு" எண்டு கேட்டால் நான் திருப்பிக் கேக்கிறது, நீர் போய் நிக்கப்போற இடத்தில அந்த ஃபோனை உம்மோட சேர்த்து எத்தினை பேர் எடுக்கினம் எண்டுதான். கண் டொக்டருக்கு நல்ல நித்திரை எண்டு சொல்லுவினம், ஒரு மாவட்டத்துக்கே தனிக் கண் சர்ஜனா இருந்து பாரும், லீவு போட்டு திருவிழாவுக்குப் போனாலும் ஃபோன் சட்டைப் பொக்கற்றில கொதிச்சுக்கொண்டு கிடக்கும். யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி மாதிரி இடத்தில நாலைஞ்சு பேரோட இருக்கிற ஜெனரல் சர்ஜன் அதைவிட நிம்மதியாப் படுப்பார்.

இதுக்கு அடுத்தது, வாற கேஸ் விடியுமட்டும் பொறுக்குமா எண்டது. இதைத்தான் நீர் இப்பவே வார்டில நிண்டு வடிவாப் பாக்கவேணும். கற்றரக்ட் (கண்புரை) பொறுக்கும், அது மரக்கச் செய்யிற ஊசியோட காலமை செய்து பின்னேரம் வீட்டை விடுற வேலை, எங்கட ஊரில சலரோகம் இருக்கிற அளவுக்கு கண் டொக்டருக்கு வேலை குறையவே குறையாது. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வெடி கொளுத்தி கண்ணில பட்டுக்கொண்டு வருவினம், ஆனா கிழிஞ்ச கண்ணையும் மூடிப் பாதுகாத்து, மருந்து போட்டு, அநேகமா விடிய தியேட்டருக்கு எடுக்கலாம். காது மூக்கு தொண்டையும் பெரும்பாலும் பகல் வேலைதான், அதில பொறுக்காத ஒண்டு இருக்கு, மூச்சு வழி. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கச்சான் கடை, ரெண்டு வயசுப் பிள்ளை கச்சானை விழுங்கி அது சுவாசக் குழாய்க்குள்ள போனால் இரவு ரெண்டு மணியெண்டாலும் வெளிக்கிட்டே ஆகவேணும், ரொன்சில் எடுத்த பிள்ளைக்கு ஒரு கிழமை கழிச்சு ரத்தம் போனாலும் அப்பிடித்தான். யூரோலொஜியில (சிறுநீர்ப்பாதை சர்ஜரி) கல்லும் புரொஸ்ரேற்றும் லிஸ்ட் போட்டுச் செய்யிறது, ஆனா விதை முறுகின பொடியன் வந்தால் ஆறு மணித்தியாலத்துக்குள்ள அவிழ்த்துவிடவேணும். வஸ்குலரும் (ரத்தக் குழாய் சர்ஜரி) அதே ஆறு மணித்தியாலக் கதைதான், கால் குளிர்ந்து நீலமா வந்தால் ஒருத்தரும் விடியட்டும் எண்டு சொல்ல ஏலாது. ஓர்த்தோவுக்கு (எலும்பு சர்ஜரி) மோட்டச்சைக்கிளும் பனையால விழுறதும் இருக்குமட்டும் ஓய்வில்லை, அதிலயும் கர்ப்பமா இருக்கேக்க எக்ஸ்ரே மெசின் பக்கத்தில நிக்கிறதுக்கு வேற ஒழுங்கு செய்யவேணும். பிளாஸ்ரிக் சர்ஜரி எண்டால் அழகுவேலை எண்டு நினைக்கிறவை கனபேர், தசையை ரத்தக் குழாயோட எடுத்து வேற இடத்தில பொருத்தினால் முதல் ரெண்டு நாளும் மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிறம் பாக்கவேணும், கறுத்தால் திரும்பத் தியேட்டர். நியூரோவையும் (மூளை, நரம்பு சர்ஜரி) இருதயத்தையும் பற்றி நான் எழுதத் தேவையில்லை, அதுக்குப் போறவை கேட்டிட்டுப் போறேல்ல.

மார்பும் தைரொயிட்டும் எனக்குப் பிடிச்ச வேலை. லிஸ்ட் போட்டுச் செய்யிறது, காலமை தொடங்கி பின்னேரம் முடிக்கிறது. தைரொயிட் எடுத்த இரவு மட்டும் கழுத்து வீங்குதா எண்டு பயந்துகொண்டு படுக்கவேணும், வீங்கினால் கட்டிலடியிலயே தையலைத் திறக்கவேணும், அதால வார்டில வேலை செய்யிற பிள்ளையளுக்கு அதை வடிவாச் சொல்லிக் குடுத்திட்டுத்தான் வீட்டை வாறது. ஒன்கோ சர்ஜரிக்கு, அதாவது புற்றுநோய் ஒப்பரேஷனுக்கு, போனாலும் இப்பிடித் திட்டம் போட்ட வேலைதான் கூட, ஒப்பரேஷன் நீளம், ஆனா நடுச்சாமத்தில தொடங்கிறது குறைவு.

மாமிக்கு ஒண்டு சொல்லும். எங்கட சனத்தில எத்தினை அம்மாமார் மார்பில கட்டியை வச்சுக்கொண்டு ஆம்பிளை டொக்டரிட்டக் காட்ட வெக்கப்பட்டு, எண்ணெய் பூசி, நேத்தி வச்சு, புண்ணாகி மணக்கத் தொடங்கினாப் பிறகு வந்திருக்கினம். மூலமும் அப்பிடித்தான், பத்து வருசம் ரத்தம் போய் வெளிறிப்போய் வருவினம். நான் கிளினிக்கில இருந்தபோது கதவைத் திறந்து என்னைப் பாத்ததும் "அப்பாடா, பொம்பிளை டொக்டர்" எண்டு சொல்லி அழுதவை இருக்கினம். உம்மை மாதிரி ஒரு பிள்ளை தியேட்டரை விட்டிட்டு விருப்பமில்லாத படிப்புக்குப் போறதை நான் மனதார விரும்பேல்ல. தோல் படிக்கிறது நல்ல படிப்புத்தான், விருப்பம் உள்ளவைக்கு.

கஸ்டமான பகுதியையும் மறைக்கமாட்டன். கன்சல்டன்ட் (ஸ்பெஷலிஸ்ட் டொக்டர்) ஆனாப் பிறகு வாழ்க்கை எப்பிடி எண்டு எல்லாரும் கேக்கினம், அதுக்கு முன்னால உள்ள வருசங்களைத்தான் ஒருத்தரும் கேக்கிறேல்ல. பாட் 1 சோதனை, ரெஜிஸ்ட்ராராப் பயிற்சி, பாட் 2 சோதனை, எஸ்.ஆரா (சீனியர் ரெஜிஸ்ட்ரார்) பயிற்சி, பிறகு வெளிநாட்டுப் பயிற்சி, எல்லாம் முடிய உம்மட முப்பதுகளின்ர பெரும்பங்கு போயிடும், உம்மட மகள் பள்ளிக்கூடம் போற வயசும் அதே வருசங்கள்தான். கொழும்பு, கண்டி, காலி எண்டு போட்டால் போகத்தான் வேணும், யாழ்தேவியில வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு திரும்புற வாழ்க்கை ஒரு தாய்க்கு என்னெண்டு இருக்கும் எண்டு உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிரசவ லீவு 84 வேலைநாள் முழுச்சம்பளத்தோட இருக்கு, அது உம்மட உரிமை, எடுக்கேக்க ஆரட்டையும் குற்றவாளி மாதிரி நிக்காதேயும். பயிற்சிக்கு இங்கிலாந்து போனால் அங்க ட்ரெயினி டொக்டர்மாருக்கு கிழமைக்குச் சராசரி 48 மணித்தியாலம் எண்டு 2009இல இருந்து வரையறை இருக்கு, அமெரிக்காவில 2003இல இருந்து 80. அங்க போய் வந்தவை என்னட்டச் சொன்னதில எனக்குப் பிடிச்சது மணித்தியாலக் கணக்கைவிட ஹேண்ட்ஓவர்தான், ஒருத்தர் நோயாளியை மற்றவரிட்ட எழுதிக் குடுத்து விளங்கப்படுத்திப்போட்டு உண்மையிலயே வீட்டை போறார். இங்க நாங்கள் அதைப் பழகேல்ல, என்ர நோயாளியை நான்தான் பாக்கவேணும் எண்டு பெருமையாப் பிடிச்சுக்கொண்டு இருந்தனாங்கள், அந்தப் பெருமைக்கு எங்கட வீடுகள்தான் விலை குடுத்தது.

இன்னொண்டும் சொல்லவேணும், சனல், அதாவது வேலை முடிஞ்சு தனியார் ஆஸ்பத்திரியில இருந்து நோயாளியளைப் பாக்கிறது. ஆஸ்பத்திரி நாலு மணிக்கு விடும், பிறகு தனியாரில அஞ்சு மணியில இருந்து பத்து மணிமட்டும் இருந்தால் நீர் எந்த சர்ஜரி எடுத்தும் பிரயோசனமில்லை. கண்ணும் காது மூக்கும் லேசு எண்டு எடுத்துப்போட்டு, கிழமையில ஆறு பின்னேரம் சனலில இருக்கிறவையை நான் பாத்திருக்கிறன். வீட்டுக் கடன், பிள்ளையின்ர படிப்பு எண்டு காரணம் எல்லாருக்கும் இருக்கும், நான் குறை சொல்லேல்ல, ஆனா இரவுச் சாப்பாடு எண்டு நீர் எழுதினபடியால் சொல்லுறன், அந்தச் சாப்பாட்டை அநேகமா எடுக்கிறது ஒன்கோல் (இரவில வாற அவசர அழைப்பு) இல்லை, சனல்தான். கிழமைக்கு ரெண்டு பின்னேரம் எண்டு முதல் நாளே வீட்டில இருந்து கதைச்சு முடிவெடும்.

இப்ப செய்யவேண்டியது, லீவு நாளில ரெண்டு மூண்டு யூனிற்றுக்குப் போய் நிண்டு பாரும், காலமை லிஸ்ட் ஆரும் காட்டுவினம், நீர் இரவு ஒரு மணிக்கு அங்க என்ன நடக்குது எண்டு பாரும். அங்க இருக்கிற எஸ்.ஆர் அக்காமாரிட்ட, கட்டாயம் பிள்ளை பெத்த அக்காமாரிட்ட, கடைசியா எப்ப பிள்ளையை நித்திரையாக்கினீங்கள் எண்டு கேளும். வயிறு திறக்கிறதுதான் விருப்பம் எண்டால் ஜெனரலுக்கே போம், ஆனா முடிச்சு வாறபோது தனிச் சர்ஜன் இடம் ஒண்டு கிடைச்சால் அதில எத்தினை வருசம் இருக்கத் துணிவு இருக்கு எண்டதை இப்பவே யோசியும். தியேட்டர், வீடு எண்டு ரெண்டு பக்கமும் மனம் இருக்கெண்டால் என்ர வாக்கு ஒன்கோவுக்கு, அடுத்தது காது மூக்கு தொண்டைக்கு.

உம்மட கடிதத்தில மாமி சொன்னது இருக்கு, கூட்டாளி சொன்னது இருக்கு, வீட்டுக்காரர் என்ன சொல்லுறார் எண்டு ஒரு வரியும் இல்லை. நீர் கொழும்பில நிக்கிற வருசங்களில மகளுக்குக் காய்ச்சல் எண்டால் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடப்போறது அவர்தான், இடமாற்றம் கேக்கவேண்டி வந்தாலும் அவர்தான். இந்தப் பதிலை அவரிட்டயும் குடும், அடுத்த கடிதத்தில ஒரு பக்கம் அவர் எழுதட்டும்.