பத்தால் பெருக்கும்போது எது நகர்கிறது? கேள்வி பதில்

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் 2.5 × 10 = 2.50 என்று எழுதுகிறாள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: முழு எண்ணுக்குப் படித்த ‘பூஜ்யம் சேர்’ விதியை இங்கேயும் போட்டிருக்கிறாள். அந்தக் குறுக்குவழியைச் சொல்லிக்கொடுக்காதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். இந்த வரிசையை அவளையே எழுத வையுங்கள்:

3.47 × 1 = 3.47
3.47 × 10 = 34.7
3.47 × 100 = 347
3.47 × 1000 = ?

3 என்ற இலக்கத்தை மட்டும் விரல் வைத்துப் பார்க்கட்டும். ஒன்றாம் இடம், பத்தாம் இடம், நூறாம் இடம் என்று ஒவ்வொரு வரியிலும் ஓரிடம் இடப்பக்கம் போகிறது. கடைசி வரி 3470 என்று அவளே சொல்லிவிடுவாள். அங்கே பூஜ்யம் ஏன் வந்தது என்று கேளுங்கள். 7 பத்தாம் இடத்துக்குப் போனதால் ஒன்றாம் இடம் காலி, அதனால்தான். 2.50-இல் 2 நின்ற இடத்திலேயே நிற்கிறது, எண் பெருகவே இல்லை.

கேள்வி: 0.08 × 100?

பதில்: 8.

கேள்வி: நான் ஆசிரியர். புள்ளியை வலப்பக்கம் நகர்த்து என்றால் ஒரு வரியில் முடிந்தது. எதற்கு இந்தச் சுற்று?

பதில்: விடை வரும், சரி. ஆனால் வகுத்தல் வந்ததும் எந்தப் பக்கம் நகர்த்துவது என்று பிள்ளை தடுமாறும். புள்ளி என்பது ஒன்றாம் இடத்துக்கும் பத்தில் ஒன்றாம் இடத்துக்கும் நடுவே நட்ட வேலி. அது நகராது, இலக்கங்கள்தான் நகர்கின்றன.

கேள்வி (அதே ஆசிரியர்): தாளில் இரண்டும் ஒன்றுதானே?

பதில்: தாளில் ஒன்றுதான். ஆனால் 3 இப்போது 30 ஆகிவிட்டது என்பதைப் புள்ளி நகர்த்துகிற பிள்ளை கவனிப்பதே இல்லை. பரீட்சையில் நேரமில்லையென்றால் நகர்த்தட்டும். முதல் நாள் பாடத்தில் வேண்டாம்.

கேள்வி: நர்ஸிங் படிக்கிறேன். 0.25 கிராம் எத்தனை மில்லிகிராம்?

பதில்: ஆயிரத்தால் பெருக்குங்கள், 250. மருந்து அளவை எழுதும்போது .5 வேண்டாம், 0.5 என்று எழுதுங்கள். 5.0 வேண்டாம், 5 போதும். புள்ளி கண்ணில் படாமல் போனால் மருந்து பத்து மடங்காகிவிடும்.

கேள்வி: 1.4 × 10 = 1.40 சரியா?

பதில்: தவறு, 14. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பழைய அணாக் கணக்குக்கும் இது பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அப்போது ரூபாய்க்கு 16 அணா. 1957 ஏப்ரல் 1 முதல்தான் 100 பைசா.

கேள்வி: 0.1-ஆல் பெருக்கினால் ஏன் குறைகிறது? பெருக்கினால் கூடத்தானே வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி. மேலே உள்ள வரிசையைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். 1000, 100, 10, 1 என்று பெருக்கும் எண் ஒவ்வொரு வரியிலும் பத்தில் ஒரு பங்காகிறது, விடையும் அப்படியே. 1-க்கு மேலே இன்னொரு வரி எழுதினால் 3.47 × 0.1 = 0.347. அதற்கும் மேலே 0.01 போட்டால் என்ன வரும் என்று எழுதி அனுப்புங்கள்.