எங்கள் சபையின் வருடச் செலவை எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து தாங்க என்ன வழி?

கேட்டவர் சொல்லும் நிலவரம் இது: மார்த்தாண்டம் பக்கம் 120 வீடுகள் உள்ள கிறிஸ்தவச் சபை, வருடச் செலவு 6 லட்சம், ஒழுங்காகச் சந்தா கட்டுவது 30 வீடுகள். தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, 5,000 என்று சமமாகப் போட்டுவிடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். ரப்பர் வெட்டுக்குப் போகிறவருக்கும் பிள்ளை கல்ஃபில் இருக்கிற வீட்டுக்கும் 5,000 ஒரே தொகை அல்ல. கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதும் 'வரவுக்குத்தக்கதாக' என்றுதான்.

மாதாமாதம் கொடுத்தே ஆக வேண்டியதைத் தனியாக எழுதுங்கள்: பேராயத்துக்கு (டயோசிஸ்) கட்டும் பங்கு, ஊழியர் சம்பளம், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளைக்கான படிப்பணம், கரண்டு பில். இவை சந்தாவில் மட்டுமே நிற்க வேண்டும். அறுப்புப் பண்டிகையில் காணிக்கையாக வரும் விளைபொருள்களை விடும் ஏலத்தை நம்பிச் சம்பளக் கணக்கு எழுதினால் சிக்கல்தான். ஆர்வத்தில் பலாப்பழத்தையும் வாழைக்குலையையும் கேட்டு எடுத்தவர்கள் பலர் மாதக்கணக்கில் பாக்கி வைப்பார்கள். ஏலப் பணம் பெயிண்டுக்கும் மைக் செட்டுக்கும் போகட்டும்.

சந்தாவை இப்படிக் கணக்கிட்டுப் பாருங்கள். மாதச் சம்பளமோ வெளிநாட்டு வருமானமோ உள்ள 20 வீடுகள் 1,200 வீதம் 24,000. சிறு கடை, சொந்த விளை (தோட்டம்) உள்ள 60 வீடுகள் 450 வீதம் 27,000. ரப்பர் வெட்டு, முந்திரி ஆலைக் கூலி வீடுகள் 30, அவை 200 வீதம் 6,000. மீதி 10 வீடுகளில் விதவைகளும் படுக்கையில் இருப்பவர்களும். அவர்களிடம் சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைக்கும் பிடியரிசி போதும். மாதம் 57,000, வருடம் 6,84,000. சொன்னதில் பத்தில் ஒரு பங்கு வராது என்று வைத்தாலும் 6,15,600 தேறும்.

இது கமிட்டியின் உள்கணக்கு மட்டுமே. எந்த வீட்டுக்கும் தொகையை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். பிப்ரவரியில் இருவர் இருவராக வீடு ஏறி, மொத்தச் செலவுத் தாளைக் காட்டி, அவர்கள் கையாலேயே சீட்டில் எழுத விடுங்கள். கொடுக்காத 90 வீடுகளில் பல, யாரும் வந்து கேட்காத வீடுகளாக இருக்கும். ஏப்ரலுக்குள் வரவுசெலவுத் திட்டம் தயாராகிவிடும்.

மாதத் தவணை எல்லாருக்கும் ஒத்துவராது. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும். ஜூன், ஜூலை மழையில் மறுபடி நிற்கும். கூலி வீடுகளுக்கு அந்த நான்கு மாதத்தையும் விட்டு, வருடத்துக்கான 2,400-ஐ எட்டுத் தவணையாக, 300 வீதம் வாங்குங்கள்.

பணத்தை உறவில்லாத இருவர் ஆராதனை முடிந்ததும் எண்ணி, ரெஜிஸ்டரில் கையெழுத்திட்டு, திங்கள்கிழமை வங்கியில் கட்ட வேண்டும். ஜிபே கியூஆர் சபைக் கணக்கில் இருக்கட்டும், பொருளாளர் போனில் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்த வரவையும் செலவையும் அறிவியுங்கள்.

பாக்கிப் பட்டியலை மட்டும் சுவரில் ஒட்டாதீர்கள். அந்த வீட்டார் கோயிலுக்கு வருவதே நின்றுவிடும். பாக்கியைச் சொல்லிக் கோயிலில் வாசிக்கும் கல்யாண ஓலையையோ (திருமண அறிவிப்பு) கல்லறை இடத்தையோ நிறுத்துவது பெரிய அநியாயம். அந்தக் காயம் தலைமுறைக்கும் ஆறாது. பிடியரிசி மட்டும் தருகிற வீட்டின் பெயரையும் அதே ரெஜிஸ்டரில், அதே வரிசையில் எழுதுங்கள்.