கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: 19-ஆம் நூற்றாண்டிலேயே வெளிநாடு போய்ப் பயண நூல் எழுதிய நம் நாட்டுப் பெண் யாராவது உண்டா? ராணி, ஜமீன் வீட்டு அம்மாக்களைச் சொல்லாதீர்கள்! (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: பண்டிதா ரமாபாய் (1858–1922). ஜமீனாவது ஒன்றாவது! கோயில் கோயிலாக நடந்து புராணம் படித்துப் பிழைத்த குடும்பம். 1870களின் பஞ்சத்தில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். ரமாபாயும் அண்ணனும் கால்நடையாகவே நாட்டைச் சுற்றினார்கள். ஆக, கப்பல் ஏறுவதற்கு முன்பே அவர் பெரிய பயணிதான்.

1882-ல் கணவர் இறந்தார். மறு வருஷமே இரண்டு வயது மகள் மனோரமாவோடு இங்கிலாந்து. அங்கே கிறிஸ்தவரானார், செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் படித்துக்கொண்டே சமஸ்கிருதமும் சொல்லிக்கொடுத்தார். 1886-ல் உறவுக்காரப் பெண் ஆனந்திபாய் ஜோஷி மருத்துவப் பட்டம் வாங்குவதைப் பார்க்க ஃபிலடெல்ஃபியா போனார். பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். இரண்டரை வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டார்! ஊர் ஊராகப் பேசினார், மழலையர் பள்ளி நடத்தப் பயிற்சி எடுத்தார், நம் விதவைகளின் நிலையைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதி விற்றார். விதவைப் பெண்களுக்குப் பள்ளி நடத்தப் பத்து வருஷம் பணம் அனுப்புவதாக பாஸ்டனில் ஒரு சங்கமே ஏற்பட்டது.

நீங்கள் கேட்ட பயண நூல் 1889-ல் மராத்தியில் வந்தது. அமெரிக்கப் பெண்கள் சங்கம் வைத்து நடத்துவதையும் படித்து வேலைக்குப் போவதையும் வாயாரப் புகழ்கிறார். சரி, பணம் கொடுத்தவர்கள் ஆயிற்றே என்று அதோடு நிறுத்தினாரா? கறுப்பின மக்களையும் பூர்வகுடிகளையும் அந்த நாடு நடத்திய விதத்தையும் போட்டு உடைத்துவிட்டார். எனக்கு அவரைப் பிடிப்பதே இதனால்தான்.

அதே வருஷம் பம்பாயில் 'சாரதா சதன்' பள்ளி தொடங்கியது. அப்புறம் புனேவுக்கு மாறியது. மதம் மாற்றுகிறார் என்று 1893-ல் ஒரே களேபரம். பல வீட்டார் பெண்களை அழைத்துப் போய்விட்டார்கள். ஆனாலும் பள்ளி நடந்தது. முதல் மாணவிகளில் ஒருவரான இளம் விதவை கோதுபாயைத்தான் பின்னாளில் மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கிய கார்வே மணந்தார்.

கேள்வி: 'பண்டிதா' என்பது அவரே வைத்துக்கொண்டதா? (அதே மாணவி)

பதில்: இல்லை. 1878-ல் கல்கத்தா பண்டிதர்கள் அவருடைய சமஸ்கிருதப் புலமையைச் சோதித்துப் பார்த்துக் கொடுத்த பட்டம். 'சரஸ்வதி' என்ற பட்டமும் சேர்த்து! அப்போது வயது 20. சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தது அம்மா லட்சுமிபாய். பட்டம் கொடுத்தவர்களில் யாராவது அந்த அம்மாவைப் பற்றி விசாரித்தார்களோ, என்னவோ!